அறுபத்தொன்று புள்ளி எட்டு

அந்தப் பையின் மேல் மட்டும் காலை வைத்துவிடாதீர்கள் தம்பி. உள்ளே தராசு இருக்கிறது. கண்ணாடித் தராசு. மேலே ஏறி நின்றால் சிவப்பாக எண் காட்டுமே, குளியலறையில் போட்டு வைப்பார்களே, அது. இந்தச் சாக்கின் மேல் தாராளமாக வையுங்கள், அதற்கு ஒன்றும் ஆகாது. அது இருபது கிலோ எடைக்கல். இரும்பு. முத்திரை அடித்தது.

கண்டக்டர் கேட்டதைக் கேட்டீர்கள் அல்லவா? "பழனிக்குப் போறவங்க பாலு கொண்டு போவாங்க, பன்னீர் கொண்டு போவாங்க, நீங்க கல்லு கொண்டு போறீங்களேண்ணா" என்று. வண்டியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நான் பழனிக்குப் போகவில்லை, தாராபுரத்தில் இறங்குகிறேன். நீங்களும் அங்கேதானே? நல்லது. கல்லை இறக்க ஒரு கை கொடுப்பீர்கள்.

மகள் வீட்டுக்குப் போகிறேன். என் சம்சாரம் துளசிமணி இரண்டு மாதமாக அங்கேதான் இருக்கிறாள். எங்களுக்குள் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். முப்பத்தொரு வருஷத்தில் நாங்கள் சண்டை போட்டதில்லை. எல்லாம் இந்தத் தராசு செய்த வேலை. இன்றைக்கு மகள், மருமகன், அவள், மூன்று பேரையும் உட்கார வைத்து, நடு வீட்டில் இதைப் போட்டு, மேலே கல்லை வைக்கப் போகிறேன். இருபது கிலோ கல்லுக்கு இது இருபது புள்ளி நாலு காட்டும். அப்போது தெரியும், பொய் சொன்னது நானா இதுவா என்று. தெரிந்ததும் சாயங்கால வண்டிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

எடையைப் பற்றி என்னிடம் யாரும் பேச முடியாது தம்பி. சங்ககிரிப் பக்கம் எடைமேடையில் இருபத்து மூன்று வருஷமாக இருக்கிறேன். லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை போடுகிற மேடை. ராத்திரி ஷிப்ட். மாரப்பன் சீட்டு என்றால் எந்த ஆலையிலும் மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் மேடைக்கு அடியில் இருக்கிற கருவிக்கு இங்கிலீஷில் தடியாக ஒரு புத்தகம் கொடுத்தார்கள், அதை அகராதி வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் படித்தேன். மெக்கானிக் வந்தால் அவனுக்கே நான் சொல்லித் தருவேன்.

எங்கள் வேலை வெறும் எண்ணைப் பார்த்து எழுதுகிற வேலை இல்லை. திரையில் எண்ணை யாரும் பார்க்கலாம். எந்த எண்ணை நம்பக்கூடாது என்று தெரிகிறவன்தான் எடை போடுகிறவன். லாரி லோடோடு ஒரு தடவை ஏறும், காலியாக ஒரு தடவை ஏறும். அதிலிருந்து இதைக் கழித்தால் சரக்கு. கழிக்கத் தெரியவேண்டும். கழிப்பதில்தான் எல்லாத் திருட்டும் இருக்கிறது. சரக்கு வாங்குகிறவன் காலி எடைக்கு வரும்போது கேபினுக்குள் இரண்டு பேரைப் படுக்க வைத்துக்கொண்டு வருவான். விற்கிறவன் ஸ்டெப்னியைக் கழற்றி வைத்துவிட்டு வருவான். ஒருத்தன் தேங்காய் நார்த்தூள் லோடு கொண்டுவந்தான், பார்க்க வறண்டு கிடக்கிறது, எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. நான் எண்ணைப் பார்க்கவில்லை தம்பி. எழுந்து போய் டயரைப் பார்த்தேன். பிதுங்கிப்போய் இருந்தது. குனிந்து பார்த்தால் அடியில் சொட்டுச் சொட்டாக வடிகிறது. உள்ளே பூராவும் தண்ணீர். மேலே மட்டும் காய்ந்த தூளைத் தூவியிருக்கிறான். "உங்க கண்ணுக்குத் தண்ணி தப்பாதுங்கண்ணா" என்று அந்த டிரைவரே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

அப்படிப்பட்டவன் வீட்டுக்குள்ளே இப்படி ஒரு தராசு வந்து சேர்ந்தது.

துளசிமணிக்கு இருதயத்தில் பலம் குறைவு. மாசி மாதம் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இருதயம் சரியாக இறைக்காததால் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடுகிறது என்றார் டாக்டர். உப்பைக் குறைக்க வேண்டும், நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது, நீர் மாத்திரை போடவேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் எமல்டா ஒரு நோட்டைக் கையில் கொடுத்தது. தினமும் காலையில் எழுந்து, பாத்ரூம் போய்வந்து, ஒன்றும் சாப்பிடாமல், ஒரே இடத்தில், ஒரே மாதிரித் துணியோடு எடை பார்த்து எழுத வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினாலும் போன் செய்யுங்கள், ஒரு வாரத்தில் இரண்டு கிலோ ஏறினாலும் போன் செய்யுங்கள், ஏறுகிறது என்றால் தண்ணீர் சேருகிறது, மாத்திரையைக் கூட்டித் தருவோம் என்றது.

சரிதான், நம் தொழில் நம் வீட்டுக்கே வந்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் கூட இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு மருந்து பெயர் ஒன்றும் எனக்கு வாயில் நுழையவில்லை, டாக்டர் சொன்னதில் பாதி புரியவில்லை. இது புரிந்தது. இதை நான் பார்த்துக்கொள்வேன்.

மருமகன் தினகர் ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்தது இந்தத் தராசு. முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிளம்பும்போது அறுபது. வீட்டுக்கு வந்து ஏற்றினால் அறுபத்தொன்று புள்ளி இரண்டு. போன் போட்டு எமல்டாவிடம் சொன்னேன். அது என்ன சொன்னது தெரியுமா? "மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்குங்கண்ணா, அது பரவாயில்ல. வீட்டுத் தராசையே தினமும் பாத்து எழுதுங்க." பரவாயில்லையாம். ஒரு கிலோ தப்பு பரவாயில்லையாம். அந்தப் பேச்சை எங்கள் மேடையில் பேசினால் மறுநாள் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான்.

இருந்தாலும் எழுதினேன். ஆறரைக்கு ஷிப்ட் முடிந்து வருவேன், அவள் எழுந்து காத்துக்கொண்டிருப்பாள். குளியலறை டைல்ஸ்மேல் தராசு. ஏறு என்பேன், ஏறுவாள். ஆடாமல் நில் என்பேன், நிற்பாள். எண்ணைச் சத்தமாகப் படிப்பேன். "சீட்டுக் கிழிச்சுக் குடுங்க, மில்லுக்குப் போறேன்" என்பாள். இரண்டு வாரம் இப்படியே போனது. அறுபத்தொன்று, அறுபத்தொன்று புள்ளி மூன்று, புள்ளி இரண்டு. அந்தச் சிரிப்போடு எழுதினதெல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது, பாருங்கள். இந்தப் பக்கம். நீல மையில்.

பங்குனி பிறந்த பிறகுதான் அது புத்தியைக் காட்டியது.

புதன்கிழமை அறுபத்தொன்று புள்ளி நாலு. சரி. வியாழக்கிழமை புள்ளி ஒன்பது. இறங்கு, மறுபடி ஏறு என்றேன். புள்ளி நாலு. மறுபடி. அறுபத்திரண்டு புள்ளி ஒன்று. ஒரே ஆள், ஒரே நிமிஷம், மூன்று எடை. எனக்கு வந்ததே கோபம். ஆடாமல் நில்லு என்று சொல்கிறேன், அவள் சுவரைச் சுவரைப் பிடிக்கிறாள். சுவரைப் பிடித்தால் எடை சுவருக்குப் போய்விடும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். "பிடிக்காம நிக்க முடியலீங்க, கெறக்கமா வருது" என்றாள். ராத்திரி பூராவும் கண்விழித்துவிட்டு வந்தவன் நான், எனக்குக் கிறக்கம் வராதா? ஆறு தடவை ஏற்றி இறக்கினேன். கடைசியில் புள்ளி ஒன்பதையே எழுதினேன், பக்கத்தில் கேள்விக்குறி போட்டு.

அன்றைக்கே இன்னொன்றும் கண்டுபிடித்தேன். கேளுங்கள், இது உங்களுக்கும் உதவும். நான் ஏறி நின்று பார்த்தேன், எழுபத்து நாலு புள்ளி ஐந்து. இறங்கி, கையில் கால் லிட்டர் தண்ணீர் சொம்பை எடுத்துக்கொண்டு ஏறினேன். அதே எழுபத்து நாலு புள்ளி ஐந்து. தண்ணீர் எங்கே போனது? இந்தச் சனியன் முன்னால் காட்டின எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்கிறது தம்பி. கிட்டத்தட்ட அதே எடை வந்தால், எடை போடாமல் பழைய எண்ணையே மறுபடி காட்டுகிறது. ஏறி இறங்கினால் மாறாமல் காட்டுகிறதே, நல்ல தராசு என்று ஜனங்கள் நம்பவேண்டும், அதற்காக. இதைச் செய்தவனை எங்கள் மேடையில் கொண்டுவந்து நிறுத்தவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளியின் சோதனைக் கல் மூன்றை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றும் இருபது கிலோ. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். அறுபது காட்டவேண்டும். அறுபத்தொன்று புள்ளி மூன்று. எடுத்துவிட்டு மறுபடி. அறுபத்தொன்று புள்ளி மூன்று. கையும் களவுமாகப் பிடித்தேன். ஒன்று முந்நூறு கூடுதல். இத்தனை நாளாக என் சம்சாரத்தின் மேல் ஒன்று முந்நூறு பொய்ச் சரக்கு ஏற்றிக் காட்டியிருக்கிறது.

அன்றைக்கு அவளை ஏற்றினது அறுபத்திரண்டு புள்ளி இரண்டு. அதை எழுதவில்லை. 'தராசு சோதனையில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுதான் முறை.

மறுநாளிலிருந்து சரியாக எழுதினேன். சனிக்கிழமை அது காட்டினது அறுபத்திரண்டு புள்ளி ஆறு. ஒன்று முந்நூறு போக அறுபத்தொன்று புள்ளி மூன்று. அவ்வளவுதான் நிஜம். ஞாயிற்றுக்கிழமை அறுபத்து மூன்று புள்ளி ஒன்று காட்டியது. தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு, துண்டையும் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள். அவளுக்கு முடி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. துண்டையும் ஈரத்தையும் நானூறு வைத்தேன். ஒன்று எழுநூறு போக அறுபத்தொன்று புள்ளி நாலு. திங்கட்கிழமை அறுபத்து மூன்று புள்ளி ஆறு. "தண்ணி குடிச்சியா" என்றேன். நாக்கு வறண்டது, இரண்டு டம்ளர் குடித்தேன் என்றாள். அரை லிட்டர், ஐந்நூறு கிராம். எல்லாம் கழித்தால் அறுபத்தொன்று புள்ளி எட்டு.

ஒவ்வொரு கழித்தலையும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். மறைக்கவில்லை. பாருங்கள், சின்ன எழுத்தில் இருக்கிறது. எந்த அதிகாரியிடம் வேண்டுமானாலும் காட்டுவேன்.

அன்றைக்குத்தான் எமல்டா போன் போட்டது. திங்கட்கிழமை திங்கட்கிழமை கூப்பிடும். நோட்டைப் பார்த்துப் படித்தேன். போன புதன் அறுபத்தொன்று புள்ளி நாலு, இன்றைக்கு அறுபத்தொன்று புள்ளி எட்டு. "ரொம்ப நல்லதுங்கண்ணா. கால் வீக்கம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டது.

துளசிமணி சமையல்கட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். "இருக்குதுன்னு சொல்லுங்க. செருப்பு வாரு பதியுதுங்க" என்றாள்.

நான் போனைக் கையால் மூடிக்கொண்டு, "எடை சரியா இருக்கறப்ப வீக்கம் எங்கிருந்துடி வரும்?" என்றேன். எமல்டாவிடம், அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன்.

இதில் என்ன தப்பு சொல்லுங்கள். அறுபத்தொன்று புள்ளி எட்டு என்று கணக்கு சொல்லும்போது நான் எதைப் பார்த்து வீக்கம் என்று சொல்வது?

செவ்வாய்க்கிழமை நான் வரும்போது அவள் படுக்கவில்லை. தலையணையை மடியில் வைத்து, அதன் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வரவில்லையாம். இருமினால் நுரை. நூற்றெட்டு வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். அங்கே எடை போட்டார்கள், அறுபத்திரண்டு புள்ளி ஒன்பது. மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்தோம் என்றார் டாக்டர். இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். எமல்டாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அது அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா கழிச்சீங்க?" என்றது. அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்படித்தான். தராசு தப்பு என்று நான் முதல் நாளே சொன்னேன், அன்றைக்கே காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன் தம்பி. பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது.

மகள் பூங்கொடி மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு காகிதம். சமையல்கட்டில் மாட்டியிருக்கிற பால் காலண்டர், பங்குனி மாதத்து ஏடு. பால் வாங்கின நாளுக்கெல்லாம் துளசிமணி அதில் கோடு போடுவாள். கோட்டுக்குக் கீழே பென்சிலில், பொடியாக, எண்கள். அறுபத்தொன்று புள்ளி நாலு. புள்ளி ஒன்பது. அறுபத்திரண்டு புள்ளி இரண்டு. அறுபத்திரண்டு புள்ளி ஆறு. அறுபத்து மூன்று புள்ளி ஒன்று. அறுபத்து மூன்று புள்ளி ஆறு.

தராசு காட்டினதை அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். ஒன்றும் கழிக்காமல். என் முதுகுக்குப் பின்னால்.

உங்களுக்கு இது விளங்காது. எங்கள் தொழிலில் ஒரு அவமானம் உண்டு. நம்மிடம் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறவன், நேராகப் போய் அடுத்த மேடையில் ஏற்றிச் சரிபார்ப்பான். இருபத்து மூன்று வருஷத்தில் என் சீட்டை அப்படிச் செய்தவர்கள் இரண்டே பேர். அவர்கள் முகம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது ஆள் என் சமையல்கட்டில் இருந்திருக்கிறாள்.

பூங்கொடி அந்த ஏட்டை என் முன்னால் பிடித்தாள், "இது என்னங்கப்பா?" என்று. நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கல்லைப் பற்றி, ஒன்று முந்நூறைப் பற்றி, ஈரத் துண்டைப் பற்றி. அவள் பாதியில் எழுந்து போய்விட்டாள். மருமகன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஜவுளிக் கடையில் கணக்கு வேலை, நல்ல பிள்ளை, நிதானமானவர். "மாமா, எடை சரியா இருக்கோணும்னு இல்லீங்க மாமா. நேத்தைக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்னு தெரிஞ்சாப் போதும்" என்றார். எடை சரியாக இருக்கவேண்டியதில்லையாம். என்னிடம்.

துளசிமணியைச் சாதா வார்டுக்கு மாற்றின அன்றைக்கு அவளிடமே கேட்டேன். ஏன் எழுதினாய், நான் எழுதினது போதாதா என்று. மூக்கில் குழாய் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "தராசு சரியாத்தானுங்க சொல்லுச்சு."

டிஸ்சார்ஜ் ஆனதும் மகளோடு காரில் ஏறினாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவாள் என்றார்கள்.

அன்றிலிருந்து நான் சும்மா இருக்கவில்லை. பகலில் தூக்கம் போய்விட்டது, அந்த நேரத்தையெல்லாம் இதற்கே கொடுத்தேன். வாங்கின இடத்தில் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், பத்து நாள் தாண்டிவிட்டதாம். கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் இனிக்க இனிக்கப் பேசியது, அண்ணா தரையைச் சமமாக வையுங்கள், அண்ணா பேட்டரியை மாற்றுங்கள் என்று. எல்லாம் பேசி முடித்துவிட்டு, இந்தப் பேச்சுக்கு பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டது. என் சம்சாரம் செத்துப் பிழைத்திருக்கிறாள், மார்க் கேட்கிறாயா என்றேன். மன்னிக்கணும் அண்ணா, ஒன்றை அழுத்துங்கள் என்றது. எடைக்கு முத்திரை போடுகிற ஆபீசுக்கும் போனேன். அங்கே என்னைத் தெரியும், டீ வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் ஆள் ஏறி நின்று பார்க்கிற தராசெல்லாம் எங்கள் வேலையில் வராது மாரப்பா, அது விளையாட்டுச் சாமான் மாதிரி என்றார் அங்கிருக்கிறவர். விளையாட்டுச் சாமான்.

சரி, நானே நிரூபிக்கிறேன் என்று, தினமும் காலையில் மூன்று கல்லையும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இதன் மேல் வைத்து எழுதிக்கொண்டு வருகிறேன். நோட்டின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். ஐம்பத்து நாலு நாள். பாருங்கள். அறுபத்தொன்று புள்ளி மூன்று. அறுபத்தொன்று புள்ளி மூன்று. அறுபத்தொன்று புள்ளி மூன்று. டைல்ஸில் வைத்தேன், சிமெண்டில் வைத்தேன், பேட்டரி மாற்றிப் பார்த்தேன். ஒரு புள்ளி இப்படி அப்படி நகரவில்லை. ஞாபகம் வைத்துக்கொண்டு காட்டுகிறதோ என்று, நடுவில் நான் ஒரு தடவை ஏறி இறங்கி அதன் ஞாபகத்தைக் கெடுத்துவிட்டுக் கூட வைத்தேன். அதே எண். ஐம்பத்து நாலு நாளும் ஒரே பொய். அதன் அழுத்தத்தைப் பாருங்கள் தம்பி.

என்ன?

இல்லை, சொல்லுங்கள். வாய்க்குள் முனகாதீர்கள்.

கல்லுக்கு மாறாமல் காட்டினது அவளுக்கு மட்டும் ஏன் மூன்று விதமாகக் காட்டியது என்றா கேட்கிறீர்கள்? கல் ஆடாது, அவள் ஆடினாள். அதுதான் சொன்னேனே, நிற்க முடியவில்லை என்றாள், சுவரைப் பிடித்தாள். கிறக்கம் என்றாள்.

தினமும் அதே ஒன்று முந்நூறு கூடுதல் என்றால்?

என்றால் என்ன?

நீங்கள் கணக்கு வாத்தியாரா? முன்னாலேயே சொல்லியிருக்கலாம். நோட்டைக் கொடுங்கள். கொடுங்கள் என்கிறேன்.

காங்கேயம் வந்துவிட்டது. டீ குடிக்கிறதென்றால் குடித்துவிட்டு வாருங்கள், பத்து நிமிஷம் நிற்கும். எனக்கு வேண்டாம்.

வந்துவிட்டீர்களா. உட்காருங்கள். கோபத்தில் பிடுங்கினேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி வேலைக்காரனுக்குப் பகலில் பேச்சு நிதானத்தில் இருக்காது.

உங்களிடம் ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டேன். கல்லைக் கொண்டு போவது என் யோசனைதான். தராசைக் கொண்டு போவது என் யோசனை இல்லை. முந்தாநாள் துளசிமணியே போன் போட்டாள். இரண்டு மாதத்தில் அவளாகப் போட்ட முதல் போன். குரல் நன்றாக இருந்தது. மூச்சு வாங்காமல் பேசினாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை எடுத்தீங்களா என்றெல்லாம் கேட்டாள். எனக்குச் சர்க்கரை. நான் அவள் எப்போது வருகிறாள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சொன்னாள்.

"இங்க பூங்கொடி வேறொரு தராசு வாங்கி வச்சிருக்குதுங்க. அதுல என் எடை எனக்குப் புடிபடலை. அந்தக் கண்ணாடித் தராசக் கண்டக்டர்கிட்டக் குடுத்து உடுங்க. நாங்க பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கறோம்."

நானே கொண்டு வருகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க. தராசு மட்டும் வந்தாப் போதும்."

இன்றைக்கு இந்த வண்டியில் வரும் என்று மட்டும் சொல்லி வைத்தேன். கேட்டீர்களா தம்பி? அது வேண்டுமாம். பொய் சொன்னது, ஞாபகத்திலிருந்து எண் காட்டுகிறது, ஒன்று முந்நூறு கூடுதல் ஏற்றுகிறது, அது வேண்டுமாம். நான் வேண்டாமாம். முப்பத்தொரு வருஷம். அவள் அப்பா ஊரில் நெல் எடை போட வந்தவன்தான் நான், எடையில் சுத்தமான பையன் என்று சொல்லித்தான் பெண் கொடுத்தார்கள்.

அதனால்தான் கல்லை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதலாளிக்குத் தெரியாது. நாளைக் காலைக்குள் திரும்ப வைக்கவேண்டும். அவர்கள் முன்னால் வைத்துக் காட்டுவேன், இருபதுக்கு இருபது புள்ளி நாலு. என்ன சொல்கிறார்கள் பார்ப்போம். மருமகன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால் என்ன மாமா, நாளைக்கும் இருபது புள்ளி நாலுதானே காட்டும் என்பார்.

என்பார்.

நீங்களும் அதைத்தான் சொல்ல வந்தீர்கள். எமல்டாவும் முதல் நாளே அதைத்தான் சொன்னது. எல்லோரும் சேர்ந்துதான் பேசிக்கொள்வீர்கள் போல.

அமராவதிப் பாலம். வந்தாயிற்று.

அங்கே பாருங்கள். அந்தப் பூக்கடை ஓரமாக, நீலச் சுடிதார், அதுதான் பூங்கொடி. பக்கத்தில் நிற்கிறது துளசிமணி. நிற்கிறாள் பாருங்கள், ஒன்றையும் பிடிக்காமல். மகள் கையைக் கூடப் பிடிக்கவில்லை. இளைத்துவிட்டாள். ஐம்பத்தொன்பது இருப்பாள். கூட ஒரு அரை இருக்கலாம், இங்கிருந்து சொல்ல முடியாது.

தம்பி, ஒரு உதவி. கல் இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள். சீட்டுக்கு அடியில் உள்ளே தள்ளிவிடுகிறேன். இந்தப் பையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். கண்டக்டர் கொடுத்தார் என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். நான் வந்ததைச் சொல்லவேண்டாம். நான் பழனி வரைக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு, இதே வண்டியில் திரும்பிவிடுகிறேன். அவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், கல்லோடு பழனிக்குத்தான் போகிறேன் என்று.

நோட்டா? நோட்டு வேண்டாம். சரி, இதையும் கொடுத்துவிடுங்கள். கடைசிப் பக்கங்கள் வெறுமையாகத்தான் இருக்கின்றன. பையில் போடுகிறேன். அவளே எழுதிக்கொள்ளட்டும்.

இருங்கள். இன்னும் ஒன்று. கொடுக்கும்போது அவள் காலைக் கொஞ்சம் பாருங்கள். முறைத்துப் பார்க்கவேண்டாம், பையைக் கீழே வைக்கிற மாதிரிக் குனிந்து பாருங்கள். செருப்பு வாரைச் சற்று நகர்த்தி நிற்பாள், அது அவள் பழக்கம். வார் இருந்த இடத்தில் சதையில் தடம் விழுந்திருக்கிறதா, கணுக்கால் எலும்பு தெரிகிறதா, அது மட்டும். வண்டி கிளம்புவதற்குள் இந்த ஜன்னலுக்குக் கீழே வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.

நான் அவள் கண்ணில் படாமல் குனிந்து இருப்பேன். கண்ணாடியைத் தட்டுங்கள்.